அசல் பக்கத்தை வாசிப்பது எப்படி: காமிக்ஸ் ஒரிஜினல் வாங்கப் போகிறவர்களுக்கு

1972-ல் இரும்புக் கை மாயாவியோடு வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழுக்காகப் பழைய புத்தகக் கடைகளைச் சல்லடை போட்டுத் தேடுகிறவர்கள் நம்மில் நிறைய. அதுவும் அச்சடித்த பிரதிதான். கரையானுக்கும் எடைக்கடைக்கும் தப்பியது அவ்வளவு கொஞ்சம் என்பதால்தான் அதற்கு மவுசு. ஆனால் அந்தக் கதையை ஸ்பெயின் ஓவியர் ஹெஸூஸ் பிளாஸ்கோ மையால் வரைந்த தாள்கள் உண்டே, அவற்றில் ஒவ்வொன்றும் உலகத்தில் ஒன்றே ஒன்று. அப்படிப்பட்ட தாள்களைத் தேடி வாங்குவதுதான் ஒரிஜினல் ஆர்ட் சேகரிப்பு. அமெரிக்கா, பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலி ஆகிய நாடுகளில் இதற்கென்றே ஏலங்களும் கேலரிகளும் முகவர்களும் இருக்கிறார்கள்.

இந்தத் தாள் சுவரில் மாட்டுவதற்காக வரையப்பட்டதல்ல, அச்சகத்துக்குப் போன வேலைத் தாள். கேமரா அதைப் படம் பிடித்ததும் அதன் கடமை முடிந்தது. அதனால்தான் அதில் பசைக் கறை இருக்கும், வெள்ளைப் பூச்சு இருக்கும், ஓரத்தில் எடிட்டரின் கிறுக்கல் இருக்கும். புதிதாக வருகிறவர் இவற்றைக் குறையாகப் பார்ப்பார். பழகியவர் முதலில் தேடுவதே இவற்றைத்தான்.

அளவும் நீலப் பென்சிலும்

அமெரிக்க காமிக்ஸ் பக்கத்தின் இன்றைய அளவு 11-க்கு 17 அங்குலம். வழக்கமாக இரண்டு அடுக்கு பிரிஸ்டல் போர்டு எனும் கெட்டி வரைதாள். அதற்குள் படம் நிற்கும் பகுதி ஏறத்தாழ 10-க்கு 15. அச்சில் வருவதைப்போல ஒன்றரை மடங்கு. 1967-68 வாக்கில்தான் இந்த அளவு வந்தது. அதற்கு முன் இரண்டு மடங்கு: படப்பகுதி மட்டுமே சுமார் 12½-க்கு 18½ அங்குலம். இந்த ஒரு விவரமே பல போலிகளைப் பிடித்துக் கொடுத்துவிடும். 1964-ல் வெளியான மார்வெல் இதழின் பக்கம் என்று யாராவது 11-க்கு 17 தாளை நீட்டினால், மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

தாளில் வெளிர் நீலக் கோடுகள் தெரியும். பிராசஸ் கேமராவில் போடும் ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்கு நீலமும் வெள்ளையும் ஒன்றுதான், சிவப்பும் கறுப்பும் ஒன்றுதான். ஆகவே நீலத்தில் என்ன கிறுக்கினாலும் அச்சில் வராது. சிவகாசியில் கேமரா ரூமில் வேலை பார்த்தவர்களுக்கு இது அரிச்சுவடி. ஓவியர் அமைப்பை நீலத்தில் போட்டிருப்பார். எடிட்டர் இதழ் எண்ணையும் பக்க எண்ணையும் "இங்கே கருமையாக்கு" போன்ற குறிப்புகளையும் ஓரத்தில் எழுதியிருப்பார். இவையெல்லாம் அச்சான பக்கத்தில் இல்லாதவை, அச்சான பக்கத்தைப் பார்த்துப் போலி தயாரிப்பவருக்கும் தெரியாதவை.

அடுத்தது வெள்ளைப் பூச்சு. தவறிய கோட்டை வெள்ளை மையால் மூடி அதன்மேல் மறுபடி வரைந்திருப்பார்கள். பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தால் மேடு தெரியும். சில இடங்களில் ஒரு முகமே தனித் துண்டாக ஒட்டப்பட்டிருக்கும். 1970-களின் தொடக்கத்தில் ஓவியர் ஜாக் கிர்பி டிசி நிறுவனத்துக்கு, சூப்பர்மேனின் நண்பன் ஜிம்மி ஓல்சனின் இதழ்களை வரைந்தபோது, அவருடைய சூப்பர்மேன் முகம் நிறுவனத்தின் பாணிக்கு ஒத்துவரவில்லை என்று அல் பிளாஸ்டினோ போன்றவர்களை வைத்து முகங்களை மாற்றி வரைய வைத்தார்கள். அந்தப் பக்கங்களில் ஒரே உடம்பில் இரண்டு பேர் கை தெரியும். ஒட்டை உரித்துக் கிர்பியின் முகத்தை மீட்கிறேன் என்று சிலர் இறங்குவதுண்டு. தயவுசெய்து வேண்டாம். அதன் வரலாறே அந்த ஒட்டில்தான் இருக்கிறது.

அட்டைப்பட ஒரிஜினலில் இதழின் லோகோ பெரும்பாலும் வரைந்ததாக இருக்காது. ஃபோட்டோஸ்டாட் எடுத்து ரப்பர் சிமென்ட் பசையால் ஒட்டியிருப்பார்கள். முப்பது நாற்பது வருடத்தில் பசை காய்ந்து லோகோ உதிர்ந்துவிடும். தாளில் பழுப்புக் கறை மட்டும் மிஞ்சும். விற்பவர் புது லோகோ அச்சடித்து ஒட்டியிருக்கலாம். அது ஏமாற்று அல்ல, சொல்லிவிட்டு விற்கும் வரை. 1954-ல் அமைந்த, காமிக்ஸ்களைத் தணிக்கை செய்த காமிக்ஸ் கோட் அமைப்பின் முத்திரையைப் பல பழைய பக்கங்களின் பின்புறத்தில் பார்க்கலாம். பின்புறப் படத்தையும் கேட்டு வாங்குங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதற்காகத்தான்.

புதியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, "ஏன் கலர் இல்லை?" அமெரிக்க உள்பக்கங்களுக்கு வண்ணம் தனி வேலை. பக்கத்தின் நகல்மேல் நீர்வண்ணச் சாயத்தால் தீட்டிய வழிகாட்டித் தாள் ஒன்று தனியாக அச்சகத்துக்குப் போகும். அந்தக் கலர் கைடுகளும் விற்பனைக்கு வருகின்றன, மலிவாக. ஆனால் அந்தச் சாயங்கள் வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும்.

பிரெஞ்சு, பெல்ஜியப் பக்கங்கள் வேறு ஜாதி. அமெரிக்கப் பக்கத்தைவிடப் பெரியவை. பல ஓவியர்கள் ஒரு பக்கத்தை இரண்டு பாதியாக வரைந்திருப்பார்கள், எனவே "ஒரு பக்கம்" என்பது இரண்டு தாள்களாகக்கூட இருக்கலாம். பாதி மட்டும் விற்பனைக்கு வந்தால் விலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும். பழைய ஐரோப்பியப் பக்கங்களில் வசன பலூன்களைத் தனித்தாளில் எழுதி ஒட்டியிருப்பதும் உண்டு. பலூன் விழுந்த பக்கத்தில் அதன் அடியில் வரையப்படாத வெற்றிடம் பல்லிளிக்கும்.

யார் கை, எது அசல்

ஒரு அமெரிக்கப் பக்கத்தில் பென்சில் போடுபவர், மை போடுபவர், எழுத்து எழுதுபவர் என்று மூன்று பேர் இருக்கலாம். பழைய முறையில் மூவரும் ஒரே தாளில் வேலை செய்தார்கள். பென்சில்மேல் மை, பிறகு பென்சில் அழிப்பு. 1990-களின் பின்பாதியிலிருந்து எழுத்து கணினிக்குப் போய்விட்டது. ஆகவே இன்றைய பக்கங்களில் வசனம் இருக்காது. கதையாக வாசிக்க முடிகிற பக்கம் வேண்டும் என்பவர்கள் அதற்கு முந்தைய காலத்தைத் தேடுவதே நல்லது.

பிறகு வந்தது ப்ளூலைன். பென்சில் ஓவியர் தன் தாளை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்புவார். மை போடுபவர் வேறு ஊரில், வேறு கண்டத்தில்கூட, அதை வெளிர் நீலத்தில் தன் போர்டில் அச்சிட்டு அதன்மேல் மை போடுவார். இப்போது ஒரே பக்கத்துக்கு இரண்டு அசல்: பென்சில் தாள் ஒன்று, மைத் தாள் ஒன்று. மைத் தாளில் பென்சில் ஓவியரின் கை பட்டதே இல்லை, கையெழுத்து மட்டும் பின்னால் போட்டிருக்கலாம். 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் நீலக் கோடு பிரிண்டரின் சிறு புள்ளிகளாகச் சிதறும். உண்மையான நீலப் பென்சிலென்றால் தாளின் சொரசொரப்பில் தூளாக ஒட்டியிருக்கும். ப்ளூலைன் மைத் தாளை, பென்சிலும் மையும் ஒரே தாளில் உள்ள பக்கத்தின் விலைக்கு வாங்குவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் மிகவும் பரவலாக நடக்கும் நஷ்டம். அதை "ஒரிஜினல்" என்று சொல்லி விற்பதில் பொய்யே இல்லை. நீங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்க வேண்டிய வாக்கியம்: "பென்சில் இந்தத் தாளிலேயே போடப்பட்டதா?"

முழுவதும் கணினியில் வரைந்த இதழுக்கு அசல் என்று எதுவும் கிடையாது. ஒரே ஒரு பிரிண்ட் எடுத்துக் கையெழுத்திட்டு "உலகில் ஒன்றுதான்" என்று விற்கிறார்கள். ஓவியருக்கு ஆதரவாக வாங்கலாம். முதலீடு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

பழையவை ஏன் இவ்வளவு குறைவு

1970-களின் நடுப்பகுதி வரை அமெரிக்க நிறுவனங்கள் ஓவியர்களுக்குப் பக்கங்களைத் திருப்பித் தரவில்லை. அவை நிறுவனச் சொத்து. சில கிழிக்கப்பட்டன, சில கிடங்கில் கிடந்தன, சில பரிசாகவும் திருட்டாகவும் வெளியே போயின. நீல் ஆடம்ஸ் போன்ற ஓவியர்கள் குரல் கொடுத்த பிறகு திருப்பித் தரும் வழக்கம் வந்தது. பென்சில் போட்டவருக்கும் மை போட்டவருக்கும் பக்கங்களைப் பங்கு பிரித்தார்கள், முன்னவருக்குக் கூடுதல். இதனால்தான் ஒரே இதழின் பக்கங்கள் இரண்டு வீடுகளில் கிடக்கும். முழு இதழையும் ஒன்றுசேர்க்கப் பார்ப்பவர்களின் தலைவலி அங்கே ஆரம்பிக்கிறது.

ஜாக் கிர்பியின் வழக்கு இந்த உலகத்தில் எல்லோரும் அறிந்தது. மற்றவர்களுக்குத் தந்ததைவிடக் கடுமையான உரிமை விடுப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் தருவோம் என்றது மார்வெல். பல வருட இழுபறிக்குப் பிறகு 1987-ல் சுமார் 2,000 பக்கங்கள் அவருக்குத் திரும்பின. 1960-களில் அவர் அங்கே வரைந்ததில் அது ஒரு சிறு பகுதி. மீதியில் கணிசமானவை எப்படி வெளியே வந்தன என்பதற்குச் சுத்தமான பதில் கிடையாது. இன்று அவை வெளிப்படையாக ஏலத்தில் கைமாறுகின்றன, யாரும் கேட்பதில்லை. மனசு கொஞ்சம் உறுத்தட்டும் என்றே சொல்வேன். குறைந்தபட்சம் அந்தப் பக்கம் கடைசியாக எந்த இரண்டு பேர் கையில் இருந்தது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பைடர்மேன் பிறந்த 1962-ம் வருட அமேசிங் ஃபேன்டஸி 15-வது இதழுக்காக ஸ்டீவ் டிட்கோ வரைந்த 24 அசல் பக்கங்களை, பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் 2008-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு அப்படியே கொடுத்துவிட்டார். அவை இனி சந்தைக்கு வராது. ஐரோப்பாவிலும் இப்படித்தான்: ஆஸ்டெரிக்ஸ் ஓவியர் உதெர்ஸோ 2011-ல் 120 பக்கங்களை பிரான்ஸ் தேசிய நூலகத்துக்குக் கொடுத்தார். எர்ஜேயின் டின்டின் ஒரிஜினல்களில் பெரும்பகுதி அவருடைய வாரிசுகளின் அமைப்பிடமே இருப்பதால் வெளியே வருவது அபூர்வம். 1936-ல் 'நீலத் தாமரை' அட்டைக்காக அவர் வரைந்து, பயன்படுத்தாமல் விட்ட ஓவியம் ஒன்று 2021 ஜனவரியில் பாரிஸ் ஏலத்தில் சுமார் 32 லட்சம் யூரோவுக்குப் போனது. மடித்த தடம் அதில் இன்னும் தெரிகிறது.

விலை எப்படி அமைகிறது

2022 ஜனவரியில் மைக் ஸெக் வரைந்த சீக்ரெட் வார்ஸ் 8-வது இதழின் ஒரே ஒரு பக்கம் 33.6 லட்சம் டாலருக்கு விற்றது. ஸ்பைடர்மேனின் கறுப்பு உடை எங்கிருந்து வந்தது என்று காட்டும் பக்கம். அதே இதழின் வேறொரு பக்கம், அதே ஓவியர், அதே மை, அதே போர்டு, அந்த விலைக்குப் பக்கத்தில்கூட வராது. விலையைத் தீர்மானிப்பது கோட்டின் அழகு மட்டுமல்ல, கதையில் அந்தக் கணம் எது என்பதுதான்.

பொதுவான வரிசை இப்படி: அட்டைப்படம் உச்சத்தில். அதற்கடுத்து முழுப் பக்கத்துக்கும் ஒரே படமான ஸ்ப்ளாஷ். பிறகு நாயகன் உடையோடு சண்டையிடும் பக்கம். கடைசியில் கோட்டு சூட்டுப் போட்டவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசும் பக்கம். கடைசி வகையில்தான் நல்ல ஓவியர்களை மலிவாக வாங்கலாம். கைகளை, துணி மடிப்பை, அறையின் வெளிச்சத்தை ஓவியர் எப்படிக் கையாள்கிறார் என்பது சண்டைப் பக்கத்தைவிட அங்கேதான் நன்றாகத் தெரியும் என்பது என் கட்சி.

கோடிகளைப் பார்த்து மலைக்க வேண்டாம். இப்போது வெளிவரும் சிறு பதிப்பக இதழ்களின் பக்கங்கள் 100 டாலருக்குள்ளும் கிடைக்கின்றன. தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமான வாசல்கள் உண்டு. இத்தாலியின் டெக்ஸ் வில்லர் 1948-லிருந்து வருகிறது. மாதாமாதம் 110 பக்கம், டஜன் கணக்கில் ஓவியர்கள், பக்கங்கள் ஓவியர்களிடமே திரும்புகின்றன. ஆக, சரக்குக்குப் பஞ்சமில்லை. அதிகம் பேசப்படாத ஓவியரின் டெக்ஸ் பக்கம் சில நூறு யூரோவில் கிடைக்கும். கலெப்பினி, டிச்சி, கிளாடியோ வில்லா என்றால் ஏறும். டெக்ஸ் முகத்தோடு குதிரையும் துப்பாக்கியும் இருந்தால் இன்னும் ஏறும். அதே நேரம் நாம் கேப்டன் டைகர் என்று வாசிக்கும் ப்ளூபெரிக்கு ஓவியர் ஜிரோ வரைந்த பக்கங்கள் பல்லாயிரம் யூரோவில் நிற்கின்றன. அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காமலிருப்பது மாதச் சம்பளக்காரர்களுக்கு நல்லது.

நாளிதழ் ஸ்ட்ரிப்கள் இன்னொரு வழி. ராணி காமிக்ஸில் மாயாவியாக வந்த ஃபேண்டம், லயன் காமிக்ஸின் முதல் இதழில் வந்த மாடஸ்டி பிளைஸி இரண்டுமே முதலில் நாளிதழுக்காகத் தினம் ஒரு நீளத் துண்டாக வரையப்பட்டவை. ஒவ்வொரு துண்டும் ஒரு தனி ஒரிஜினல். சை பாரி 1961 முதல் 1994 வரை ஃபேண்டம் வரைந்தார். அத்தனை வருடத் தினசரி வேலை என்றால் எத்தனை துண்டு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மாடஸ்டியில் ஜிம் ஹோல்டவே வரைந்தது 1963 முதல் 1970-ல் அவர் இறக்கும் வரை மட்டுமே, அதனால் அவருடையதைப் பிடிப்பது கடினம். பின்னால் வந்த ரொமேரோ எளிது.

ஏலத்தில் கேட்கும்போது சுத்தியல் விலையோடு, அதாவது ஏலம் முடிந்த விலையோடு, கணக்கை முடித்துவிடாதீர்கள். அமெரிக்க ஏலங்களில் வாங்குபவர் கட்டணம் 20 சதவீத அளவில் சேரும், பாரிஸில் இன்னும் கூடுதல். ஐரோப்பாவில் ஓவியருக்கோ வாரிசுக்கோ மறுவிற்பனைப் பங்கு உண்டு. 50,000 யூரோ வரை 4 சதவீதம். சட்டப்படி விற்பவர் தர வேண்டியதைச் சில ஏல நிறுவனங்கள் நிபந்தனைகளில் வாங்குபவர் தலையில் கட்டுகின்றன. பிறகு கூரியர், காப்பீடு, வங்கியின் அந்நியச் செலாவணிக் கழிவு, நம் சுங்கம். 500 டாலர் என்று கையைத் தூக்கினால் வீடு வந்து சேரும்போது 800-ஐத் தாண்டலாம். மேல்வரம்பை இந்தக் கடைசித் தொகையில் வையுங்கள். சுங்கத்தில் கையால் வரைந்த ஓவியங்களுக்கான வகைப்பாட்டு எண் 9701. விற்பவர் பார்சலில் "காமிக்ஸ்" என்று மட்டும் எழுதினால் அச்சு நூல் என்று குழப்பம் வந்து பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள். "கையால் வரைந்த மைக்கோட்டு ஓவியம், காகிதத்தில்" என்று விலைச்சீட்டில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். பார்சல் தொலைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான்.

போலியைப் பிடிப்பது

போலிகள் அதிகம் இருப்பது அச்சான பக்கங்களில் அல்ல, "முன்வரைவு" எனப்படும் பென்சில் ஸ்கெட்ச்களில். ஒப்பிட்டுப் பார்க்க அச்சுப் பக்கம் இல்லை, பிரபலக் கையெழுத்து மட்டும் இருக்கும், விலையும் ஆசை காட்டும். பீனட்ஸ் படைத்த சார்ல்ஸ் ஷுல்ஸ் பெயரில் இப்படிச் சுற்றுபவை ஏராளம். எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாள் ஆதாரம் இல்லாத கையெழுத்து ஸ்கெட்ச்சைத் தொடவே வேண்டாம்.

அச்சான பக்கமென்றால் சோதனை எளிது. முன்னும் பின்னும் 600 டிபிஐ ஸ்கேன் கேளுங்கள். அச்சுப் பக்கத்தோடு கட்டம் கட்டமாக ஒப்பிடுங்கள். அசலில் கட்டத்தின் விளிம்பைத் தாண்டி ஓடிய கோட்டு முனைகள், அச்சில் வெட்டப்பட்டுப் போனவை, தெரிய வேண்டும். அச்சோடு மிகக் கச்சிதமாகப் பொருந்தி, விளிம்புக்கு வெளியே ஒன்றுமே இல்லாத பக்கம் ஒளிமேசையில் பிரதி எடுத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். பிரதி எடுப்பவரின் கோடு மெதுவாக நகரும். வேகத்தில் இழுத்த கோட்டுக்கு இருக்கும் தடித்து மெலியும் மூச்சு அதில் இருக்காது.

கையில் வந்ததும் இருட்டறையில் டார்ச்சைத் தாளின் மட்டத்தில் பக்கவாட்டாகப் பிடியுங்கள். மையின் மேடு, அழித்த பென்சிலின் பள்ளம், வெள்ளைப் பூச்சின் திட்டு எல்லாம் எழுந்து வரும். கறுப்பு நிரப்பிய இடத்தில் தூரிகை போன திசை தெரிய வேண்டும். ஒரே சீராக, விளிம்பில் பொடிப் பொடியாகச் சிதறியிருந்தால் அது டோனர், நகல் இயந்திரத்தின் பொடி. பிறகு 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். 1950 வாக்கிலிருந்து காகிதத்தில் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் அந்த ஒளியில் நீலவெண்மையாக ஜொலிக்கும். 1930-களின் பக்கம் என்று வாங்கியது அப்படி ஜொலித்தால் விற்றவருக்கு அன்றே எழுதுங்கள். ஜொலிக்காததால் மட்டும் பழையது என்று ஆகிவிடாது. இந்த ரசாயனம் சேராத காகிதம் இன்றும் கிடைக்கிறது.

ஓவியரே தன் பழைய அட்டையை மறுபடி வரைந்து தருவதும் உண்டு. நேர்மையான பொருள்தான், பின்னால் "மறுவரைவு" என்று வருடத்தோடு எழுதியிருக்க வேண்டும்.

வாங்கும் நாகரிகம்

சேகரிப்பாளர்கள் தங்களிடம் உள்ளதை காமிக் ஆர்ட் ஃபேன்ஸ் போன்ற இணையக் காட்சியகங்களில் போட்டு வைப்பார்கள். "விற்பனைக்கல்ல" என்று எழுதியிருந்தாலும் மரியாதையாக ஒரு முறை கேட்கலாம். இரண்டாம் முறை கேட்டால் தொந்தரவு. விலை சொன்ன பக்கத்துக்கு "எடுத்துக்கொள்கிறேன்" என்று முதலில் எழுதியவருக்கே பக்கம், அதன் பிறகு பேரம் கிடையாது. அப்படி எழுதிவிட்டுக் காணாமல் போகிறவரின் பெயர் இந்தச் சின்ன உலகத்தில் ஒரே வாரத்தில் சுற்றிவிடும். மூன்று முதல் ஆறு மாதம் வரை தவணை வாங்கிக்கொள்வது வழக்கம். கடைசித் தவணை வரும்வரை பக்கம் விற்பவரிடமே இருக்கும். வீட்டில் உள்ள பக்கத்தைக் கொடுத்து மாற்றுவதும் சகஜம்.

கமிஷன் என்றால் ஓவியரிடம் சொல்லி வரைய வைப்பது. அதன் விலை உருவங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது: ஒரு உருவம், இரண்டு, பின்னணியோடு. என்ன காட்சி என்று மூன்று வரியில் சொல்லி, பாத்திரத்தின் உடைக்கு இரண்டு படம் அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். முழங்கை எந்தக் கோணத்தில் என்று எழுதுகிறவருக்கு உயிரற்ற ஓவியம்தான் வரும். உங்கள் பெயருக்கு என்று எழுதி வாங்கினால் நெருக்கம் கூடும், மறுவிற்பனை விலை குறையும். ரசிகருக்காக மலிவாக வரைந்து கொடுத்ததை அடுத்த மாதமே ஏலத்தில் பார்க்கும் ஓவியர், அடுத்து கேட்கிறவர்களுக்கும் சேர்த்து விலையை ஏற்றிவிடுவார்.

இந்தச் சமூகத்தின் நல்ல குணம் ஒன்று: பதிப்பகங்கள் கேட்டால் ஸ்கேன் கொடுப்பார்கள். அமெரிக்கப் பதிப்பகமான ஐடிடபிள்யூ 2010-ல் டேவ் ஸ்டீவன்ஸின் ராக்கெட்டியரோடு தொடங்கிய ஆர்ட்டிஸ்ட்ஸ் எடிஷன் நூல்கள் அசல் பக்கங்களை அதே அளவில், வண்ண ஸ்கேனாக, நீலப் பென்சிலும் கறையும் ஒட்டும் தெரிய அச்சிடுகின்றன. பக்கங்கள் பல வீடுகளிலிருந்து திரட்டப்படுகின்றன. ஒரிஜினல் வாங்கும் முன் இப்படி ஒரு நூலை வாங்கி ஒரு மாதம் பார்ப்பது எந்த அறிவுரையையும்விட உபயோகம்.

நம் வெயிலிலும் மழையிலும்

பொட்டலம் கட்டும் விதத்தை விற்பவருக்கு முன்கூட்டியே எழுதுங்கள். பக்கத்தைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் பெரிதாக இரண்டு நெளிவு அட்டைகள். ஒன்றின் நெளிவு நெடுக்கு, மற்றதன் நெளிவு குறுக்கு, அப்போதுதான் எந்தப் பக்கமும் மடங்காது. பக்கம் பிளாஸ்டிக் உறையில், உறை ஓர் அட்டையில் மூலைகளில் மட்டும் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். செல்லோ டேப்பின் நுனியை மடித்து விட்டால் கத்தி இல்லாமல் உரிக்கலாம். பிரித்துப் பார்க்கும் சுங்க அதிகாரி கையில் கத்தி இருப்பதை மனதில் வையுங்கள். பிரிஸ்டல் போர்டை ஒருபோதும் குழாயில் சுருட்டி அனுப்பக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு நம் ஊரில் இரண்டு ஆபத்து. ஒன்று, லேமினேஷன். சான்றிதழைப் பாதுகாப்பது போல அக்கறையோடு செய்துவிடுவார்கள். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் மையோடும் வெள்ளைப் பூச்சோடும் சேர்ந்துவிடும், பிரிக்கவே முடியாது. இரண்டாவது, ஃபிரேம் கடை. வழக்கப்படி ஹார்டுபோர்டில் கோந்து தடவி ஒட்டிக் கண்ணாடியை அழுத்தி மூடிவிடுவார்கள். ஹார்டுபோர்டின் அமிலம் பத்து வருடத்தில் தாளைப் பழுப்பாக்கும். மழைக்காலத்தில் கண்ணாடியில் வேர்க்கும் ஈரம் மையைக் கண்ணாடியோடு ஒட்ட வைக்கும். கடைக்காரர் பக்கத்தில் நின்று செய்ய வையுங்கள்: அமிலமில்லாத மவுண்ட் அட்டை, நான்கு மூலைக்கும் ஃபோட்டோ கார்னர், பக்கத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே குறைந்தது மூன்று மில்லிமீட்டர் இடைவெளி, கண்ணாடிக்குப் பதில் புற ஊதா தடுக்கும் அக்ரிலிக். மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டக் கூடாது. ஃபிரேமின் பின்னால் கீழ்மூலைகளில் சிறு ரப்பர் குமிழ் வைத்தால் காற்று போகும்.

இந்தியா மை கரியால் ஆனது, வெளுக்காது. மார்க்கர் பேனா வெளுக்கும், பழுப்பாகும். கமிஷன்களில் மார்க்கர் அதிகம். அவற்றை உறைக்குள் வைத்துவிட்டு நல்ல பிரிண்ட் எடுத்து மாட்டுங்கள், யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

மாட்டாதவற்றுக்கு பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் உறை. கடையில் கிடைக்கும் மெத்தென்ற, நாற்றமடிக்கும் பிவிசி உறை வேண்டாம், அதை மெத்தென்று வைத்திருக்கும் இளக்கி ரசாயனம் கசிந்து டோனரையும் மார்க்கரையும் இழுத்துக்கொள்ளும். உறையின் ஒரு பக்கம் திறந்திருக்கட்டும், நான்கு பக்கமும் அடைத்தால் உள்ளே உள்ள ஈரம் அங்கேயே நிற்கும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் நல்லது. சென்னையில் அது நடவாத காரியம் என்பதால், ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாப் பெட்டி, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல், பக்கத்தில் ஒரு சிறிய ஈரப்பதமானி போதும். ஜெல் நிறம் மாறினால் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கி மறுபடி போடலாம். ஏசியை இரவு மட்டும் போட்டுப் பகலில் நிறுத்துவது, போடாமலே இருப்பதைவிட மோசம். தாள் தினமும் சுருங்கி விரிந்தால் வெள்ளைப் பூச்சு செதிள் செதிளாகக் கிளம்பும். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டையை அதே பெட்டியில் போடாதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதுதான் பூச்சிக்கு மருந்து.

பழைய டேப்பை ஹேர் டிரையரால் உரிப்பது, ஓரக் கிறுக்கலை ரப்பரால் அழிப்பது, மஞ்சளை வெளுக்க வைப்பது எதுவும் வீட்டில் செய்யும் வேலையல்ல. பூஞ்சை பிடித்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது. அந்தப் பக்கத்தைத் தனி உறையில் பிரித்து, உலர்ந்த காற்றோட்டத்தில் வைத்துக் காய்ந்த பிறகு, காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பூஞ்சை இழைக்குள் இறங்கிவிடும்.

ஒவ்வொரு உறையின் பின்னாலும் ஒரு சீட்டு வையுங்கள்: ஓவியர், இதழ், பக்க எண், யாரிடம் எந்தத் தேதியில் வாங்கியது, கொடுத்த தொகை, விற்பதென்றால் எந்த ஏல நிறுவனத்துக்கு எழுத வேண்டும். முன்பின் ஸ்கேன்களையும் விலைச்சீட்டையும் இரண்டு இடத்தில் சேமித்து, அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள்.